பில் ஒரு டேபிள், ஐட்டம் ஒரு டேபிள்: டிரான்சாக்‌ஷன் கேள்வி பதில்

கேள்வி: மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறேன் சார், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில். பில் டேபிளில் இன்செர்ட் செய்ததும் இருப்பதிலேயே பெரிய ஐடியை எடுத்து ஐட்டம் டேபிளில் போடுகிறேன். ஒருவர் வாங்கிய பருப்பு சில நேரம் இன்னொருவர் பில்லில் ஏறிவிடுகிறது.

பதில்: கடையில் இரண்டு கவுன்டர் இருக்குமே? நீங்கள் பில்லைப் போட்டு ஐடியைக் கேட்பதற்குள் அடுத்த கவுன்டர் ஒரு பில்லைப் போட்டுவிடுகிறது. லாஸ்ட் இன்செர்ட் ஐடி ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அது உங்கள் கனெக்‌ஷனில் உருவான எண்ணை மட்டுமே தரும், பக்கத்துக் கவுன்டர் என்ன செய்தாலும் மாறாது. ஆனால் ஒரே இன்செர்ட்டில் பல வரிகள் போட்டால் முதல் வரியின் ஐடிதான் வரும். ‘லாஸ்ட்’ என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். டிரான்சாக்‌ஷனை (பல வேலைகளை ஒரே வேலையாகக் கட்டுவது) தொடங்கி, பில், ஐட்டங்கள், ஸ்டாக் கழிப்பு எல்லாம் முடிந்த பிறகே கமிட், அதாவது நிரந்தரச் சேமிப்பு. நடுவில் எது தடுக்கினாலும் ரோல்பேக், அதாவது செய்த எல்லாவற்றையும் திரும்பப் பெறுவது.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்?

பதில்: இன்னும் சுலபம். இன்செர்ட்டின் கடைசியில் ரிட்டர்னிங் ஐடி என்று சேர்த்தால் போதும், ஐடி கையோடு வந்துவிடும்.

கேள்வி: அண்ணா, நோட் ஜேஎஸ், போஸ்ட்கிரெஸ். பிகின், கமிட், ரோல்பேக் எல்லாம் எழுதியிருக்கிறேன். அப்படியும் ஐட்டமே இல்லாத பில் சேமிக்கப்படுகிறது. என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது.

பதில்: ஒவ்வொரு குவெரியையும் நேராக பூலிடம் (தயாராகத் திறந்து வைத்த கனெக்‌ஷன்களின் தொகுப்பு) கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பூல் அந்த நேரத்தில் சும்மா இருக்கும் கனெக்‌ஷனில் அதை ஓட்டும். பிகின் ஒன்றில் போகும், பில் இன்னொன்றில் போய் அங்கேயே தானாகக் கமிட் ஆகிவிடும். ஐட்டம் பிழையானதும் நீங்கள் அனுப்பும் ரோல்பேக் மூன்றாவது ஒன்றில் போய் விழும். அங்கே திரும்பப் பெற ஒன்றுமே இருக்காது. பிகின் வாங்கிய கனெக்‌ஷனோ திறந்த டிரான்சாக்‌ஷனோடு பூலுக்குத் திரும்பி அடுத்த ஆளின் வேலையையும் கெடுக்கும். லேப்டாப்பில் நீங்கள் ஒரே ஆள் என்பதால் பெரும்பாலும் ஒரே கனெக்‌ஷன் மாட்டும். கூட்டம் வந்தால்தான் குட்டு உடையும். பூலிலிருந்து ஒரு கிளையன்ட்டை, அதாவது ஒரு கனெக்‌ஷனை, எடுத்து, பிகின் முதல் கமிட் வரை எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டுங்கள். ரிலீஸை (அதைப் பூலுக்குத் திருப்பித் தருவதை) பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பிளாக்கில் வையுங்கள், இல்லையென்றால் பூல் வற்றிவிடும்.

கேள்வி: ரோல்பேக் ஆனால் பில் எண் ஒன்று விட்டுப்போகிறது. ஆடிட்டர் கேட்கிறார்.

பதில்: ஐடிக்குத் தானாக எண் தரும் ஆட்டோ இன்கிரிமென்ட் (மைஎஸ்கியூஎல்), சீக்வென்ஸ் (போஸ்ட்கிரெஸ்) இரண்டுமே ரோல்பேக்கில் எண்ணைத் திருப்பித் தராது. அப்படித் தர வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் முந்தையவர் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி விதி 46 பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மிகக் கூடாது என்கிறது. எனவே டேபிளின் ஐடியை பில் எண்ணாக அச்சடிக்காதீர்கள். கடைசி பில் எண்ணை வைக்கத் தனியாக ஒரு டேபிள் வைத்து, அதே டிரான்சாக்‌ஷனில் அந்த வரியை லாக் செய்து ஒன்றைக் கூட்டுங்கள். ரோல்பேக் ஆனால் அதுவும் பழையபடி ஆகிவிடும். இப்போது கடைக் கவுன்டர்கள் காத்திருக்கும்தான். அதனால் எஸ்எம்எஸ் அனுப்புவது, யுபிஐ பதிலுக்குக் காத்திருப்பது எதையும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ (ஐட்டத்தின் பில் ஐடி பில் டேபிளில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு) கொடுத்தும் இல்லாத பில் ஐடிக்கு ஐட்டம் ஏறுகிறதே?

பதில்: அதில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக ஆஃபில்தான் இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் ஃபாரின் கீஸ் ப்ராக்மாவை (எஸ்கியூலைட்டின் அமைப்புக் கட்டளை) ஆன் செய்ய வேண்டும், அதுவும் பிகினுக்கு முன்பே. டிரான்சாக்‌ஷன் தொடங்கிய பிறகு போட்டால் பிழையும் வராது, வேலையும் செய்யாது.