கேள்வி பதில்: சமூகச் செயலிக்கு ஒரு வரி எழுதுவது எப்படி?

மனிதர்களை அலைக்கழிக்காத சமூகச் செயலி ஒன்றை வடிவமைக்க நீலகிரியில் சிலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். யாருக்கு, என்ன பயன் என்று ஒரே வரியில் சொல்லும் வேல்யூ ப்ரொபசிஷன் பற்றி அவர்களும் மற்றவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கோத்தகிரி, கல்லூரி மாணவர்: அக்கா, எங்கள் வரி இது: "அடிமைப்படுத்தாத, மனிதநேயமுள்ள சமூக ஊடகம்." எல்லோரும் நல்லது என்கிறார்கள், ஒருவரும் சேரவில்லை. ஏன்?

தம்பி, அந்த வரியில் உங்கள் ஆதங்கம் தெரிகிறது, சேரப்போகிறவரின் தேவை தெரியவில்லை. ஒரு கெடுதல் இல்லை என்பதற்காக மட்டும் யாரும் ஒரு செயலியை போனில் ஏற்ற மாட்டார்கள்.

சிறு தேயிலை விவசாயி ஒருவர் காலையில் எதற்காக போனை எடுக்கிறார்? இன்றைக்கு ஃபேக்டரியில் இலை எடுக்கிறார்களா, இவ்வளவுதான் எடுப்போம் என்று கோட்டா போட்டிருக்கிறார்களா, கிலோ என்ன விலை, இலை வண்டி எப்போது வரும். இதற்காக வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் காலை வணக்கப் படங்கள், கட்சிச் சண்டை, யாரோ வீட்டுக் கல்யாண வீடியோ. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது நேற்றைய விலை. கொழுந்து பறிக்க ஆள் வந்து நிற்கும் நேரத்தில் இவர் இன்னும் போனில் இருப்பார்.

அவருக்காக இப்படி எழுதிப் பாருங்கள்: "பச்சைத் தேயிலை விற்பவர், இன்று இலை எடுப்பார்களா, என்ன விலை என்பதை இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டு தோட்டத்துக்குக் கிளம்பலாம்." ஆள் யார், எந்த நேரம், என்ன வேலை என்பதெல்லாம் இதில் வந்துவிட்டது. சுற்றுலா வருபவர்களையும் சேர்க்கலாமே என்று குழுவில் யாராவது சொல்வார்கள். இப்போதைக்கு மறுத்துவிடுங்கள்.

குன்னூர், வடிவமைப்பாளர்: தள்ளத் தள்ளப் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும் முடிவில்லாத ஸ்க்ரோலை எடுத்துவிட்டோம். அதையே முதல் வரியில் சொல்லலாமா?

வேண்டாம். அந்த ஸ்க்ரோலை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கினே பிறகு அதற்காக வருந்தினார். 2018இல் கூகுளில் முன்பு வேலை பார்த்த டிரிஸ்டன் ஹாரிஸ் முதலியோருடன் சேர்ந்து, மனிதநேயமுள்ள தொழில்நுட்பத்துக்காக சென்டர் ஃபார் ஹ்யூமேன் டெக்னாலஜி என்ற அமைப்பைத் தொடங்கினார். நீங்கள் ஸ்க்ரோலை எடுத்தது சரிதான், ஆனால் அது வழிமுறை. "பார்த்து முடித்துவிடலாம்" என்பதுதான் பயன், அதைச் சொல்லுங்கள்.

கூடலூர், ஆசிரியை: எங்கள் பக்கத்தில் யானை நடமாட்டம் தெரிந்தால் போதும். ஆனால் பழைய படத்தை யாராவது "இப்போது" என்று போட்டுவிட, பிள்ளைகளை அனுப்பவே பெற்றோர் பயப்படுகிறார்கள்.

நீங்கள் கேட்பது அப்போதைய, நம்பத்தக்க செய்தி. வடிவமைப்பு அதற்குக் கட்டுப்பட வேண்டும். இடமும் நேரமும் குறிக்காமல் யானைத் தகவலைப் போட முடியாது என்று வையுங்கள். சில மணி நேரத்தில் அது தானாக மறையட்டும். பகிர்வதில் கொஞ்சம் தடை வைப்பதும் நல்லது. வாட்ஸ்அப் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்புறம், கூடலூருக்குத் தமிழ் மட்டும் போதாது, மலையாளமும் வேண்டும்.

ஊட்டி, தொழில்முனைவோர்: முதலீட்டாளர் "ஒருவர் தினமும் எத்தனை நிமிடம் இருக்கிறார்" என்று கேட்கிறார். என்ன காட்டுவது?

எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான். விளம்பர வருமானத்தை நம்பினால், "இரண்டு நிமிடத்தில் கிளம்பலாம்" என்ற வாக்கை நீங்களே முறிக்க வேண்டிவரும். நிமிடம் கூடினால்தானே காசு? அதனால் வந்த வேலை முடிந்ததா, அடுத்த வாரமும் வந்தாரா என்ற இரண்டையும் அளந்து காட்டுங்கள். பணத்துக்கு வேறு வாசலைத் தட்டுங்கள். தேயிலைக் கூட்டுறவு இணையமான இன்கோசர்வின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் சிறு விவசாயிகளே உறுப்பினர்கள். இலை நிலவரம் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில் அந்தத் தொழிற்சாலைகளுக்கும் லாபம் உண்டு. முதலில் அங்கே போய்ப் பேசுங்கள். இந்த அளவீட்டுக்கு ஒத்துவராத முதலீட்டாளரை விட்டுவிடலாம்.

கோத்தகிரி, அதே மாணவர்: புதிய வரி சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இலை எடை போடும் இடத்தில் நிற்பவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். மறுநாள் போய், "நேற்று நான் சொன்னது எதற்கான செயலி?" என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும் வார்த்தைகளையே எழுதிக்கொண்டு வாருங்கள், தம்பி.