பறிக்கப்பட்ட பங்கு

அன்புள்ள ஐயா,

டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டை ஆங்கில மொழிபெயர்ப்பில் 9ஆம் பாகம் வரை வாசித்திருக்கிறேன். அக்கிலிஸ்மீது எரிச்சல்தான் வருகிறது. தான் போரில் பிடித்துவந்த ஒரு பெண்ணைக் கிரேக்கப் படையின் தலைவன் அகமெம்னான் எடுத்துக்கொண்டான் என்று குடிலில் உட்கார்ந்துவிடுகிறான். கூட இருந்தவர்கள் சாகிறார்கள். அகமெம்னான் இறங்கிவந்து அள்ளிக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறான். இது மானமா, ஆணவமா? இவனை எப்படி மாவீரன் என்றார்கள்?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் எரிச்சலை அந்த 9ஆம் பாகத்திலேயே, அகமெம்னானின் தூதர்களில் ஒருவனாக வந்த வீரன் அயாக்ஸும் கொட்டுகிறான். தம்பியைக் கொன்றவனிடம்கூட ஈட்டுப்பொருள் வாங்கிக்கொண்டு ஆறிப்போகிறவர்கள் உண்டு. நீயோ ஒரே ஒரு பெண்ணுக்காக இப்படி இறுகிக் கிடக்கிறாய், நாங்கள் ஏழு பேரைத் தருகிறோமே என்கிறான். அக்கிலிஸ் அவனை மறுப்பதில்லை. நீ சொல்வது சரிதான், ஆனால் ஊர் பேரில்லாமல் வந்து ஒண்டியவனைப் போல எல்லார் முன்னாலும் என்னை நடத்தினானே, அதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது என்கிறான். அந்த 'எல்லார் முன்னாலும்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மானம் என்ற சொல்லை அப்படியே கிரேக்கர்களுக்குப் பொருத்த முடியாது. நமக்கு மானம் உள்ளே இருப்பது. ஆளில்லாத காட்டிலும் ஒருவனுக்கு மானம் உண்டு. ஹோமரின் சொல் 'டிமே'. அதற்கு விலை என்ற பொருளும் உண்டு. தமிழில் 'மதிப்பு' என்பதே அதற்குப் பக்கத்தில் வருகிறது. நிலத்துக்கும் மதிப்பு சொல்கிறோம், மனிதனுக்கும் சொல்கிறோம். அந்த வீரர்களின் மதிப்பு கண்ணால் காணக்கூடியது. விருந்தில் எந்த இருக்கை, எந்த இறைச்சித் துண்டு, கோப்பை எவ்வளவு நிறைகிறது, கொள்ளையில் எந்தப் பங்கு என்பதெல்லாம்தான் அது. படை கூடித் தனியாக எடுத்துக் கொடுக்கும் பங்குக்குக் 'கெராஸ்' என்று பெயர். பிரிசெயிஸ் என்ற அந்தப் பெண் அக்கிலிஸின் கெராஸ். அவளைக் கொண்டுபோனபோது, படை அவனுக்குப் போட்ட மதிப்பையே அகமெம்னான் அழித்தான். முதியவர் நெஸ்டர் சமாதானம் பேசிப் பார்த்ததோடு சரி, வேறு யாரும் எழுந்து நிற்கவில்லை.

அகமெம்னானைப் பிடித்து ஆட்டியதும் இதே பயம்தான். அப்பல்லோ தெய்வம் அனுப்பிய கொள்ளைநோயை நிறுத்த, தன் பங்காக வைத்திருந்த பூசாரியின் மகளை அவன் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மற்றவர்களிடம் பங்கு இருக்க, நான் மட்டும் வெறுங்கையோடு இருப்பதா என்றுதான் அவன் அடுத்தவன் பங்கில் கைவைத்தான்.

இனி அவன் 'அள்ளிக் கொடுத்ததை'ப் பாருங்கள். அடுப்பேறாத 7 முக்காலிப் பாத்திரங்கள், 10 தாலந்து பொன், 20 கொப்பரைகள், பந்தயம் வென்ற 12 குதிரைகள், லெஸ்போஸ் தீவின் 7 பெண்கள், பிரிசெயிஸ், ஊர் திரும்பியதும் தன் மகள்களில் ஒருத்தி, கூடவே 7 ஊர்கள். ஆனால் பட்டியலின் முடிவில், அவன் எனக்கு அடங்கட்டும், அரசனாகவும் வயதிலும் நானே பெரியவன் என்கிறான். தூது போன ஒடிசியஸ் பரிசுகளையெல்லாம் ஒப்பிக்கிறான்; இந்த வரியை மட்டும் விழுங்கிவிடுகிறான். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு மருமகனாகப் போனால் அக்கிலிஸ் என்றென்றைக்கும் கைநீட்டியவன், அகமெம்னான் கொடுத்தவன். மனதில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருப்பவனை மரண வாசலைப்போல் வெறுக்கிறேன் என்று அக்கிலிஸ் பேச்சைத் தொடங்குவது சும்மா அல்ல.

அதன் பிறகு அவன் சொல்வதை நான் வாசிக்கும்போதெல்லாம் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிடுகிறேன். சண்டையிட்டவனுக்கும் ஒதுங்கி நின்றவனுக்கும் ஒரே மதிப்புத்தான். மாடும் ஆடும் கொள்ளையில் கிடைக்கும், முக்காலியும் குதிரையும் சம்பாதிக்கலாம், பல்வரிசையைத் தாண்டிப் போன உயிரை மட்டும் திருப்பிக் கொண்டுவர முடியாது என்கிறான். தன் உலகத்தின் கணக்கு முழுவதையும் புரட்டிப் பார்த்து, இது பொய்க்கணக்கு என்று உரக்கச் சொல்கிறவனை ஆணவக்காரன் என்று எப்படித் தள்ளிவிடுவது? அவனால் செத்தவர்களுக்கு அவன்தான் பொறுப்பு, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அங்கே இந்தக் கேள்வியைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

புகழுக்கு ஹோமரின் சொல் 'கிளியோஸ்'. கேட்டல் என்ற வினையிலிருந்து பிறந்தது. பிறர் வாயால் காதில் விழுவது. இங்கே நின்றால் சாவும் அழியாத கிளியோஸும், ஊர் திரும்பினால் நீண்ட வாழ்வு மட்டும் என்று அவன் தாய் தெட்டிஸ் சொல்லியிருக்கிறாள். தூதர்கள் நுழையும்போது அவன் யாழ் மீட்டி அந்தப் புகழைத்தான் பாடிக்கொண்டிருக்கிறான். அந்த யாழ் ஈட்டியனின் ஊரை அழித்து எடுத்துவந்தது. ஈட்டியன், டிராய் இளவரசன் ஹெக்டரின் மனைவி அந்திரோமக்கியின் தந்தை. அவரையும் அவருடைய ஏழு மகன்களையும் கொன்றவன் அக்கிலிஸ்தான்.

நீங்கள் 'ஒரு பெண்' என்று எழுதியிருந்தீர்கள். இதுவரை அவள் பேசவில்லை. 19ஆம் பாகத்தில் பேசுவாள். தன் கணவனையும் மூன்று சகோதரர்களையும் இழந்த நாளில் அழாதே என்று தேற்றியவன் அக்கிலிஸின் உயிர்த்தோழன் பாட்ரோக்ளஸ் என்று சொல்லி, அவன் உடல்மீது விழுந்து அழுவாள். சுற்றி நின்ற அடிமைப் பெண்களும் அழுவார்கள். பாட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து ஒவ்வொருத்தியும் தன் தன் துயரத்துக்காக அழுதாள் என்று எழுதியிருக்கிறார் ஹோமர். அந்த இடம் வரை வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்