வாசகர் கேள்வி - பதில்: கைதிங்க தப்பிச்ச மலை வழி

கே: சார், ரெண்டாம் உலகப்போர்ல இத்தாலி கேம்ப்ல இருந்து தப்பிச்ச கைதிங்க போன மலைப் பாதையில இப்ப ஜனங்க நடக்குறாங்களாமே, நிஜமா? அதே பாதைதானா?

ப: நடக்குறது நிஜம். "அதே பாதை"ங்கறதுதான் கொஞ்சம் இடிக்குது. 1943 செப்டம்பர் 8 அன்னைக்கு இத்தாலி போர்ல இருந்து விலகிடுச்சுன்னு ரேடியோல அறிவிச்சப்போ அங்க நேச நாட்டுக் (பிரிட்டன், அமெரிக்கா பக்கத்து) கைதிங்க சுமார் 80,000 பேர் இருந்தாங்க. நம்ம படை வர்ற வரைக்கும் கேம்ப்பை விட்டு நகராதீங்கன்னு லண்டன்ல இருந்து முன்னாடியே ரகசியமா ஒரு உத்தரவு போயிருந்தது, என்னைக் கேட்டா அந்தப் போர்ல போட்ட மடத்தனமான உத்தரவுகள்ல அது ஒண்ணு, ஏன்னா அதை நம்பி உட்கார்ந்திருந்தவங்களை, அதுவரைக்கும் இத்தாலிக்குக் கூட்டாளியா இருந்த ஜெர்மன்காரங்க வந்து அப்படியே ரயில்ல ஏத்திட்டாங்க. வட இத்தாலியில ஃபோன்டனெல்லாட்டோ கேம்ப்போட இத்தாலிய கமாண்டன்ட் விச்சேடோமினி மட்டும் மறுநாளே கைதிங்களை வெளிய அனுப்பிட்டார், சுமார் 600 பேர், அதுக்காக அவரை ஜெர்மன்காரங்க பிடிச்சுட்டுப் போனாங்க.

நீங்க கேக்குறது அனேகமா மத்திய இத்தாலியில இருக்கற சுல்மோனா ஊர்ப் பாதையா இருக்கும். ஊருக்குப் பக்கத்துல ஃபோன்டே தமோரேல 78-ஆம் நம்பர் கேம்ப், பின்னாடியே மொர்ரோனே மலை. அங்க இருந்து காம்போ தி ஜோவே, குவாதோ தி கோச்சா கணவாய், மயெல்லா மலையைத் தாண்டி காசோலி வரைக்கும், அந்தப் பக்கம் பிரிட்டிஷ் படை. ஆனா தப்பிச்சவங்க ராத்திரியில, பனியில, ரோட்டை விட்டு ஒதுங்கி, ஆடு மேய்க்கிறவங்க காட்டின வழியில ஆளுக்கொரு பக்கமா போனாங்க. இப்ப மார்க் பண்ணி வச்சிருக்கறது அதுல ஒரு வழி, அவ்வளவுதான். பின்னாடி இத்தாலி ஜனாதிபதியான சாம்பி கூட 1944 மார்ச்ல இந்த மலையைத் தாண்டித்தான் போனார், 2001-ல இந்த நடை ஆரம்பிச்சப்போ அவரே வந்திருந்தார்.

கே: சாதாரண ஆளுங்களால முடியுமா? பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில பிரெனே மலையிலயும் இது மாதிரி ஒண்ணு இருக்காமே?

ப: சுல்மோனா நடை ஏப்ரல் கடைசி வாக்குல வரும், மூணு நாள், சுமார் 60 கி.மீ., ஸ்கூல் பசங்களே கும்பலா வர்றாங்க, அதனால பயப்பட வேண்டாம். ஆனா கணவாய் 1,600 மீட்டருக்கு மேல, ஏப்ரல்லயும் பனி கிடக்கலாம், நல்ல பூட்ஸ் இல்லாம கிளம்பாதீங்க. பிரெனே வேற ரகம். பிரான்ஸ்ல சென்-ஜிரோன்ல இருந்து ஸ்பெயின்ல எஸ்டெர்ரி வரைக்கும் நாலு நாள், ஜூலையில, 2,500 மீட்டர் வரைக்கும் ஏறணும். முட்டி வலி இருந்தா முதல்ல இத்தாலிக்குப் போங்க.

கே: அந்தக் கைதிங்கள்ல இந்தியாக்காரங்க இருந்தாங்களா?

ப: இருந்தாங்களாவா! சுல்மோனாவுக்கு மேற்கால அவெட்சானோல இந்தியக் கைதிங்க கேம்ப்பே இருந்தது. பிரான்ஸ்ல ஜெர்மன்காரங்க வச்சிருந்த எபினால் கேம்ப் மேல 1944 மே 11 அன்னைக்கு அமெரிக்க விமானங்க குண்டு போட்டதும் மதில் உடைஞ்சு இந்திய சோல்ஜருங்க வெளிய ஓடினாங்க, சுமார் 500 பேர் நடந்தே சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்துட்டாங்க, பாஷை தெரியாது, தோல் நிறமே காட்டிக் கொடுத்துடும், அப்படியும். இதைப் பத்தி நம்மள்ல யாருமே பேசுறதில்லைங்கறது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

கே: போனா எதை முக்கியமா பார்க்கணும்?

ப: வியூவை விட வீடுகளைப் பாருங்க. ஒரு கைதியைப் பிடிச்சுக் கொடுத்தா 1,800 லீரா பரிசுன்னு ஜெர்மன்காரங்க அறிவிச்சிருந்தாங்க, அந்த ஏழைக் குடியானவங்களுக்கு அது பெரிய காசு, ஒளிச்சு வச்சு மாட்டினா உயிருக்கே ஆபத்து. அப்படியும் கைதிங்களுக்கு சோறும் துணியும் கொடுத்து வச்சுக்கிட்ட வீடுங்க ஏகப்பட்டது. கைதிங்களுக்கு உதவின மிக்கேலே தெல் கிரேக்கோங்கற ஆட்டிடையரை 1943 டிசம்பர்ல சுட்டே கொன்னாங்க. அப்படித் தப்பிச்ச ஒரு பழைய கைதி கீத் கில்பி, 1989-ல மோன்டே சான் மார்டினோ டிரஸ்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சார், இத்தாலிப் பசங்க இங்கிலாந்து வந்து இங்கிலீஷ் படிக்க அது பண உதவி பண்ணுது, இந்த மாதிரி நடைகளும் ஏற்பாடு பண்றாங்க. தனியா போறதை விட அவங்க மாதிரி ஆளுங்களோட போனீங்கன்னா எந்த வீட்ல யாரை ஒளிச்சு வச்சிருந்தாங்கன்னு சொல்றதுக்கு ஆள் இருக்கும்.