லூதியானா மாற்றல்: மகனை எப்போது அழைத்துப்போவது?

அக்டோபர் கடைசியில் லூதியானாவுக்கு மாற்றல், ஏழு வயது மகனுக்கோ இழுப்பு (ஆஸ்துமா), உடனே குடும்பத்தோடு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நீங்கள் மட்டும் போங்கள். பஞ்சாபில் காற்று மிகவும் கெட்டுக்கிடக்கும் நேரம் அது.

தீபாவளி வெடி மட்டும் காரணமல்ல. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் வந்த சட்டம் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளியது. அறுவடையும் பிந்தியது. நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும் என்பதால், அறுவடை இயந்திரம் விட்டுப்போகும் முழங்கால் உயரத் தாளுக்குத் தீ வைக்கிறார்கள். (விவசாயியை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.) பருவமழை முடிந்து காற்றும் ஓய்ந்திருப்பதால் புகை சமவெளியிலேயே தங்கிவிடுகிறது. டிசம்பர், ஜனவரியில் வயலில் தீ இருக்காது. மூடுபனியோடு வண்டிப் புகையும் ஆலைப் புகையும் தரையோடு கிடக்கும்.

மகன் இங்கேயே ஆண்டுத் தேர்வை முடிக்கட்டும், பிறகு மே மாதம் அழைத்துப்போங்கள். அப்போதும் கோதுமைத் தாள் எரிப்பு, புழுதிக்காற்று எல்லாம் உண்டு. ஆனால் கோடை வெப்பத்தில் காற்று மேலெழுவதால் புகை அவ்வளவு தேங்காது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கவலை குறைவு.

அடுத்த அக்டோபருக்கு முன்பே தடுப்பு இன்ஹேலர் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் விடியற்காலை விளையாட்டு வேண்டாம். வெளியே விடுவதானால் பிற்பகல்தான். துணி முகக்கவசம் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. என்95 வாங்குங்கள், குழந்தை அளவில்.