க்ரூப் வொர்க்ல அந்தப் பொண்ணு மட்டும் வேணாம்னு சொல்றா, நான் என்ன பண்ணட்டும்?

ஒரு டீச்சர் எழுதியிருக்காங்க: "9ஆம் வகுப்புல அஞ்சு அஞ்சு பேரா பிரிச்சு இங்கிலீஷ்ல பேசி நடிக்கச் சொன்னேன், சீன் பிறந்தநாள் விழா. ஒரு பொண்ணு 'எங்க மதத்துல கொண்டாட மாட்டோம், நடிக்க முடியாது மிஸ்'னுட்டா. மத்த நாலு பேரும் 'அவ வேலையே செய்யல, மார்க் மட்டும் ஒண்ணா?'ங்கறாங்க. யார் பக்கம் நிக்கிறது?"

டீச்சர், அந்த வயசுல கூடப் படிக்கிறவங்க நாலு பேர் முன்னாடி முடியாதுன்னு சொல்ல எவ்ளோ தைரியம் வேணும், அதை முதல்ல நினைச்சுப் பாருங்க. யெகோவாவின் சாட்சிகள்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு இருக்கு, அவங்க பிறந்தநாள் கொண்டாடுறதில்ல, அது அவங்க உறுதியா பிடிச்சிருக்கிற நம்பிக்கை, அதனால இவ சாக்கு சொல்றாளோன்னு சந்தேகமே வேணாம். நீங்க சொல்லிக்கொடுக்க நினைச்சது இங்கிலீஷ் பேச்சுதானே, பிறந்தநாள் இல்லயே? ரயில் பயணம், டாக்டரைப் பாக்கப் போறதுன்னு ரெண்டு மூணு சீன் குடுத்து எல்லா க்ரூப்பையும் ஒண்ணு எடுத்துக்கச் சொல்லுங்க. அவளுக்காக மட்டும் மாத்துனா எல்லா கண்ணும் அவ மேலதான் இருக்கும்.

மார்க் விஷயத்துல அந்த நாலு பேரும் கேக்கறது நியாயம்தான். 1971ல அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகள்ல இனப் பிரிவினையை நீக்குன புதுசுல பிள்ளைங்களுக்குள்ள ஒரே பகை, அப்ப எலியட் அரான்சன்னு ஒரு உளவியல் பேராசிரியர் பாடத்தைத் துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்கொண்ணு குடுத்தார், ஒருத்தர் துண்டு இல்லாம மத்தவங்க முடிக்கவே முடியாது. நீங்களும் அப்படிப் பிரிங்க, அவங்கவங்க பங்குக்குத் தனி மார்க் போடுங்க, முணுமுணுப்பு தானா குறையும்.

இன்னொண்ணு, டேர்ம் ஆரம்பத்துலயே காலண்டரைப் பாத்துடுங்க. ரம்ஜான் நோன்பு வருஷாவருஷம் 10, 11 நாள் முன்னாடி வந்துட்டே இருக்கும், யூதப் பிள்ளைங்களுக்கு வெள்ளி சூரியன் மறையறதுல இருந்து சனி ராத்திரி வரைக்கும் ஓய்வுநாள், அப்ப க்ரூப் மீட்டிங் வெச்சா அந்தப் பிள்ளை என்ன செய்யும் பாவம். ஒரே மதத்துலயே வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும், அதனால நீங்களா முடிவு பண்ணாம கேட்டுக்கோங்க, ஆனா க்ளாஸ் நடுவுல வெச்சு "உங்க மதத்துல ஏன் இப்படி"ன்னு மட்டும் கேக்காதீங்க.

எல்லாத்துக்கும் வளைஞ்சு குடுக்கணும்னு நான் சொல்லல. பரிணாமப் பாடம் எங்க நம்பிக்கைக்கு ஒத்துவராதுன்னு ஒரு பையன் சொன்னா, நம்பணும்னு கட்டாயம் இல்லப்பா ஆனா பாடம் என்ன சொல்லுதுன்னு உனக்குப் புரிஞ்சிருக்கணும்னு சொல்லுங்க. "அந்த மதத்துக்காரன்கூட உக்கார மாட்டேன்"னு எவனாவது சொன்னா அங்க ஒரு இஞ்ச் கூட விடாதீங்க, அது இன்னொரு பிள்ளையை அவமானப்படுத்துறது, அதுக்கு நம்பிக்கைன்னு பேர் வெக்க முடியாது.

நாளைக்கு அவளைத் தனியா கூப்பிட்டு "எந்தப் பங்கு எடுத்துக்கற?"ன்னு கேளுங்க. வசனம் எழுதறேன்னு சொன்னாலும் சொல்வா, ஆனா ஒரு ரோல்ல நடிச்சுப் பேசவும் வைங்க, அந்தப் பயிற்சி அவளுக்கும் வேணும்ல.