செஸ் ஆடும் மகளுக்கு மேனேஜ்மென்ட் கோட்டா எதற்கு?

திருச்சியிலிருந்து எழுதியிருக்கும் பெற்றோருக்கு வணக்கம். பிளஸ் டூ முடித்த மகளின் செஸ் ரேட்டிங், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண், 1600-ஐ ஒட்டி நிற்கிறது, ஆட்டத்தைக் கைவிட அவளுக்கு மனமில்லை, உறவினர்களோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கலக்கம் நியாயமானதுதான். ஆனால் நகையை அடகு வைத்து, அவள் விரும்பாத படிப்புக்கு நன்கொடை கட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். யோசனை சொன்ன சித்தப்பா வட்டி கட்டப் போவதில்லை.

"செஸ் சோறு போடுமா?" என்று கேட்பவர்களுக்கு எஸ். விஜயலட்சுமியைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னையில் 1979-இல் பிறந்து, தேசிய மகளிர் சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்று, 2001-இல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் இந்தியர் அவர். அந்தப் படியில் அவருக்கு முன் நம் நாட்டுப் பெண் எவரும் ஏறியதில்லை. தங்கைகள் மீனாட்சி, பானுப்ரியா இருவரும் செஸ் ஆட்டக்காரர்களே. இந்தியன் ஏர்லைன்ஸ் அணிக்காகவும் அவர் ஆடினார் என்பதை உறவினர்கள் கவனிக்க வேண்டும். ஆட்டத்துக்கும் பிழைப்புக்கும் தீராப் பகை எதுவும் இல்லை.

அதற்காக, உங்கள் மகளும் கிராண்ட்மாஸ்டர் ஆவாள் என்று நம்பிக் கடன் வாங்கவும் கூடாது. பதினேழு வயதில் 1600 என்பது அந்த உயரத்துக்கு மிகத் தொலைவு. அவளிடமும் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

பலரும் எண்ணிப் பார்க்காத வழி ஒன்று உண்டு: போட்டி நடுவர், அதாவது ஆர்பிட்டர் பணி. சுற்றுக்குச் சுற்று யார் யாருடன் ஆடுவது என்பதைக் கணினியில் ஜோடி சேர்ப்பது, கடிகாரங்களைச் சரிபார்ப்பது, ஒரே புள்ளியில் நிற்பவர்களை டை-பிரேக் எனும் கூடுதல் கணக்கில் வரிசைப்படுத்துவது, தகராறு எழுந்தால் விதிப்படி தீர்ப்பது ஆகியவையெல்லாம் அவர் பொறுப்பு. நீண்ட நேர ஆட்டத்தில் ஒருவர் முதல் முறை விதிமீறி காய் நகர்த்தினால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டித் தர வேண்டும். அவரே மறுமுறையும் மீறினால் பொதுவாக ஆட்டத்தையே இழப்பார். கண்ணீருடன் நிற்கும் பத்து வயதுச் சிறுவனிடமும் கோபத்துடன் வரும் அவன் தந்தையிடமும் இதைத் தடுமாறாமல் விளக்கும் பக்குவம் இந்தப் பணிக்கு வேண்டும். இந்தியாவில் தேசிய நடுவர் தேர்வு எழுதி, பின்னர் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கருத்தரங்கில் தேறி, போட்டிகளில் பணியாற்றி நார்ம்கள் எனும் தகுதிச் சான்றுகளைச் சேர்த்தால் ஃபிடே ஆர்பிட்டர், அதன்பின் இன்டர்நேஷனல் ஆர்பிட்டர் என்று உயரலாம். முன்னணி ஆட்டக்காரராக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை.

இதில் கிடைப்பது போட்டிக்குப் போட்டி ஊதியம். மாதச் சம்பளம் அன்று. ஆகவே பட்டப்படிப்பு கட்டாயம் வேண்டும். அரசுக் கல்லூரியில் கணிதமோ வணிகவியலோ, அவளே தேர்ந்தெடுக்கட்டும். போட்டிகளுக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை இன்றே முடிவு செய்து, துணைக்குச் செல்பவரின் ரயில் கட்டணத்தையும் அதற்குள்ளேயே அடக்குங்கள்.

மாவட்டச் செஸ் சங்கத்தை அணுகி, அடுத்து வரும் பள்ளி மாணவர் போட்டியில் நடுவர்களுக்கு உதவியாளாக அவளை இரண்டு நாள் நிற்க விடுங்கள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், வேறு வழி பார்க்கலாம். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.