100 மீட்டருக்கு அப்பால் திமிங்கிலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காசு கட்டித் திமிங்கிலம் பார்க்கப் போனால், படகோட்டி 100 மீட்டர் தள்ளியே நின்றுவிட்டார். இது நியாயமா?

பதில்: நியாயம்தான். உங்களுக்கு நல்ல படகோட்டி வாய்த்திருக்கிறார். பெரிய திமிங்கிலத்துக்கு 100 மீட்டர், டால்பினுக்கு 50 மீட்டர் என்பது பல நாடுகளில் குறைந்தபட்ச இடைவெளி. குட்டி கூட இருந்தால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும்; ஆஸ்திரேலிய வழிகாட்டுதலின்படி அப்போது திமிங்கிலத்தின் 300 மீட்டர் வட்டத்துக்குள் படகு நுழையவே கூடாது. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்துக்கு அமெரிக்கச் சட்டம் விதித்திருப்பது 500 கஜம், அதாவது சுமார் 457 மீட்டர்.

கடலில் தூரம் கண்ணை ஏமாற்றும். ஒப்பிட்டுப் பார்க்க மரமோ கட்டடமோ கிடையாது. உங்கள் படகு 10 மீட்டர் நீளம் என்றால், நடுவே அதேபோல் பத்துப் படகை வரிசையாக நிறுத்த இடமிருக்கிறதா என்று மனதுக்குள் அடுக்கிப் பாருங்கள்.

கேள்வி: சொந்தப் படகு வைத்திருக்கிறேன். எந்தப் பக்கமாக அணுகலாம்?

பதில்: பக்கவாட்டில், சற்றே பின்தங்கி, திமிங்கிலம் போகும் திசைக்கு இணையாக. முகத்துக்கு நேரே போனால் வழிமறிப்பது. வாலுக்கு நேர் பின்னால் போனால் துரத்துவது. 300 மீட்டரிலேயே வேகத்தை 6 நாட் (knot; மணிக்குச் சுமார் 11 கி.மீ.) அளவுக்குக் கீழே இறக்குங்கள்; படகுக்குப் பின்னால் அலை எழவே கூடாது. 100 மீட்டரில் கியரை நியூட்ரலுக்கு மாற்றி நில்லுங்கள். அதற்குமேல் கிட்டே வருவதும் வராததும் அதன் விருப்பம். தானாக வந்தால் புரொப்பெல்லர் சுற்றாமல் காத்திருங்கள். ஏற்கெனவே மூன்று படகு நின்றால் நீங்கள் வெளியிலேயே இருங்கள். நாலு பக்கமும் படகு சூழ்ந்தால் அதற்கு வெளியேற வழி ஏது?

திமிங்கிலம் மூழ்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுவழுப்பான வட்டம் ஒன்று சிறிது நேரம் நிற்கும். வால் உந்திய நீர் மேலெழுந்து சிற்றலைகளை அடக்குவதால் வருவது அது. பலரும் அதை நோக்கிப் படகை விடுவார்கள். வீண் வேலை, அது அதற்குள் நகர்ந்திருக்கும், எங்கே எழும் என்றும் சொல்ல முடியாது. இருந்த இடத்திலேயே இருங்கள்.

கேள்வி: திமிங்கிலத்துக்குத் தொல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: திடீரென்று திசை மாறும், வேகம் கூடும், மூச்சுவிட மேலே வரும் நேரம் குறையும், மூழ்கியிருக்கும் நேரம் நீளும். வாலால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அறைவதும் எரிச்சலாக இருக்கலாம். பயணிகள் அதற்குத்தான் கைதட்டுகிறார்கள்! இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மெதுவாக விலகிவிடுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் அரை மணி நேரம் போதும்.

கேள்வி: டால்பின்கள் தாமாகவே படகின் அணியத்தில் (முன்முனையில்) சேர்ந்து ஓடுகின்றன. அதுவும் தப்பா?

பதில்: தப்பில்லை. முன்னால் எழும் நீரழுத்தத்தில் சறுக்கி வருகின்றன. வேகத்தையும் திசையையும் மாற்றாமல் போங்கள். நிறுத்த வேண்டுமானால் படிப்படியாகக் குறையுங்கள். அவை விலகிய பிறகு, இன்னொரு தடவை வரட்டும் என்று வட்டமடிப்பதுதான் தப்பு.

கேள்வி: டால்பினோடு நீந்தலாமா?

பதில்: வேண்டாம். இரை போடவும் வேண்டாம். போட்டால் படகைத் தேடி வரப் பழகி, புரொப்பெல்லரில் அடிபடும். ஸ்பின்னர் டால்பின் இரவில் இரை தேடி, பகலில் விரிகுடாக்களில் ஓய்வெடுப்பது. துள்ளாமல், ஒன்றோடொன்று நெருங்கி, மெல்ல நகர்ந்தால் அது உறக்கம். நாம் குதித்தால் அந்தத் தூக்கம் போச்சு. ஹவாயில் கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள் அவற்றை 50 கஜத்துக்கு நெருங்க 2021 முதல் தடை இருப்பதும் இதனால்தான்.

கேள்வி: எந்த பைனாகுலர் நல்லது?

பதில்: 7 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன்வில்லை கொண்டது. 10 மடங்கு, 12 மடங்கு என்று வாங்கினால் படகின் ஆட்டத்தில் காட்சி நிற்காது.